ராணி வாளைச் சுவரில் மாட்டிய மாலை

மாலை நாலேகாலுக்குக் கடைசி அத்தியாயம் வந்தது. அதற்காக மகள் மத்தியானமே போனைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தாள்.

அது ஒரு கொரியப் படக்கதை. வாரம் ஒரு அத்தியாயம் ஆங்கிலத்தில் போனில் வரும். பிளஸ் டூ படிக்கிற பெண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கண்காணிக்கத்தான் நான் முதலில் எட்டிப் பார்த்தேன். பிறகு நானும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். நான் மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற எனக்கு அந்த ஆங்கிலம் தெரியாததில்லை. அவள் சொல்லிக் கேட்பது பிடித்திருந்தது. வேறு எதைப் பற்றியும் அவள் என்னிடம் அவ்வளவு பேசுவதில்லை.

கணவன் கொடுத்த விஷத்தில் செத்துப்போன ஒரு ராணி, பதினாறு வயதுப் பெண்ணாக மறுபடி கண் விழிக்கிறாள். போன பிறவி முழுக்க ஞாபகம் இருக்கிறது. இந்தத் தடவை அவள் எவனையும் நம்புவதில்லை. வாள் பழகுகிறாள். எல்லைப் படைக்குத் தளபதி ஆகிறாள். அதே ராஜா பெண் கேட்டு வரும்போது கோட்டைக் கதவைச் சாத்துகிறாள். அந்த வாரம் மகள் அடுப்படியில் குதித்தாள். "இன்னாமா, எப்டி நம்ம ஆளு?"

கடைசி அத்தியாயத்தில் ராணி அந்த ராஜாவையே மன்னித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வாள் சுவரில் தொங்கியது. மடியில் குழந்தை. மேலிருந்து பூ கொட்டிக்கொண்டிருந்தது.

மகள் தன் போனை என் கையில் கொடுத்தாள். "இதுக்கு அவ மொதல் தடவயே செத்தவ செத்தவளாவே இருந்திருக்கலாம்" என்றாள்.

நான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. உலை வைத்தேன். அரிசி கொதிக்கும்போது அவள் சொன்னது திரும்பக் கேட்டது. இந்தத் தடவை அது கதையைப் பற்றிச் சொன்ன மாதிரி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளுடைய தோழி வீட்டுக்கு ஓடினேன். அங்கே வரவில்லை. ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன். "வந்துடுவா, சின்னக் கொழந்தயா அவ?" என்றார். குரல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

ஏரிக்கரைக்கு ஓடினேன். அங்கே மீன் விற்கும் அக்கா கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்க்குது?"

சொன்னேன்.

"இன்னா துணி போட்டுக்கினு போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் போகும்போது நான் அவளைப் பார்க்கவில்லை. மனதில் வந்தது மஞ்சள் சுடிதார்தான். மஞ்சள் என்றேன்.

அக்கா கூடையைக் கீழே போட்டாள். "ஐயோ, பாத்தேனே. அந்தாண்ட மார் ஆழத் தண்ணில நின்னுக்கினு இருந்துச்சே."

அதற்குப் பிறகு கரையில் நடந்ததெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் இருந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ படகைத் தள்ளினார்கள். அக்கா கைகாட்டிய இடத்துக்கு நேராகப் போக முடியாது. நடுவில் வலை கட்டியிருந்தது. இங்கே ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்கு ஊர் வைத்த முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் படகு விடமாட்டார்கள். அன்றைக்குப் பாடு யாருடையதோ, அவர் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"சுத்திக்கினு போனா நேரம் ஆவும்" என்றார் ஒருவர்.

"எதுக்குடா சுத்தணும்? அவுருங்கடா வலைய" என்றார் வலைக்கு உரியவர்.

"யோவ், இவ்ளோ நாள் காத்துக்கினு இருந்து உனக்கு வந்த மொற. போச்சுன்னா போச்சு."

"போனா போவுது. நீ எட்டி அவுர்றியா, நான் தண்ணில குதிக்கவா?"

என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். அவிழ்த்த இடத்தில் மீன்கள் துள்ளி வெளியேறின. யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. அரிசி பாதி வெந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

மஞ்சள் தெரிந்தது. நீரோடு நீராக அசைந்தது. "இருக்குது, உசிரோட இருக்குது" என்று கத்தினார்கள். அது நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. வாயில் ஓலையில் பின்னிய பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, கையால் தரையைத் தடவி இறால் பிடிக்கிற பெண். என் வயது இருக்கும். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னா டீச்சரம்மா, இந்தத் துணி நீங்க பொங்கலுக்குக் குடுத்ததுதான். திருப்பிக் கேக்கவா படகு கட்டிக்கினு வந்தீங்க?"

படகில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சுடிதார் எங்கள் வீட்டில் இல்லாமல் போய் எத்தனையோ மாதமாகிவிட்டது. என் மனதில் மட்டும் மகள் அதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கரைக்குத் திரும்பினோம். இப்போது எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சரியான நிறம் சொல்லுங்கள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்கா என்னை மணலில் உட்கார வைத்து, தன் முந்தானையால் என் காலைத் துடைத்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி லேசாக அழத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் என் கையிலிருந்த போனைப் பார்த்தேன். அதை ஏரிக்குள்ளும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பஸ் நிற்கிற பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு கருநீலச் சுடிதாரில் ஒரு பெண்ணும் வந்தாள். கோபத்தில் பொன்னேரி பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். அது பிறகுதான் தெரிந்தது. அழுகிற பெண்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து குனிந்தாள். என் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, இன்னாமா இவ்ளோ கூட்டம்? யாரு செத்துட்டாங்க?"