ஆஃப்லைன் அக்காவின் மூன்று சிம்கள்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவரை ஆஃப்லைன் அக்கா என்பார்கள். வேலை, இன்ஸ்பெக்டர். லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பரிசோதிக்கிறவருக்கு சிக்னல் எங்கே கிடைக்கும்? கம்பெனி கழித்துப் போட்ட லேப்டாப்பில் தானே லினக்ஸ் ஏற்றிக்கொண்டார். காலையில் சிம் போட்ட இன்டர்நெட் டாங்கிளைச் செருகி, வந்த மெயில்களை இறக்கிக்கொண்டு பிடுங்கிவிடுவார். குழியில் உட்கார்ந்தே பதில்களை எழுதி அடுக்குவார். மாலையில் மேலே வந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கும் மூன்று சிம்களில் எதற்கு உயிர் இருக்கிறதோ அதைப் போட்டு அனுப்புவார். தானாக இணையும் வசதியை அணைத்தே வைத்திருந்தார்.

"எப்ப பேசணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன், இந்த லேப்டாப் இல்ல" என்பார். எல்லோரும் சிரிப்போம். மெக்கானிக்கான நானும்தான், பல்லைக் காட்டிக்கொண்டு.

ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதி மாடி சறுக்கி, ஒரு பெரியவருக்குக் கால் முறிந்தது. பிரேக் தேய்ந்திருந்தது. அதை நான் முன்பே அக்காவிடம் சொல்லி, அவர் மேனேஜருக்கு எழுதி, "நிறுத்த வேண்டாம், ஓடட்டும், பொறுப்பு என்னுடையது" என்று பதிலும் வந்திருந்தது. விசாரணையில் மேனேஜர் கூசாமல் சொன்னார்: "அப்படி ஒரு மெயிலே கிடையாது. மெக்கானிக் மறைச்சுட்டான்."

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் கம்பெனி சர்வரில் தேடினார். இல்லை. என் தலைதான் உருளப் போகிறது என்று நினைத்தேன்.

"உங்க லேப்டாப்ப ஆபீஸ் வைஃபைல போடுங்க, சேர்ந்தே பாத்துடலாம்" என்றார் மேனேஜர், தேன் ஒழுக.

"போட மாட்டேன்" என்றார் அக்கா. "சர்வர்ல அழிச்சது, இணைச்ச மறுநிமிஷம் இங்கயும் அழிஞ்சிடும். விபத்து நடந்ததுலேர்ந்து நான் இணைக்கவே இல்ல சார்."

"வேலை போயிடும்."

"தூக்குங்க. அதுக்கு முன்னாடி அந்த பிரேக்க மாத்துங்க."

விசாரிக்க வந்திருந்த தலைமை அலுவலக அம்மாவின் பக்கம் திரையைத் திருப்பினார். மெயில் இருந்தது. அதைப் பென்டிரைவில் நகலெடுத்து அந்த அம்மாவிடமே கொடுத்தார். மேனேஜர் விடுவதாக இல்லை. "இத அவங்களே டைப் பண்ணி வச்சிருக்கலாம்."

"சரி, இப்ப இணைக்கிறேன்" என்று அக்கா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். "கண்ண எடுக்காம பாருங்கம்மா."

ஒரு சிம்மை டாங்கிளில் போட்டுச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் எங்கள் கண்ணெதிரே காணாமல் போனது. மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன.

"நானா எழுதி வச்சிருந்தா சர்வருக்கு அது தெரியவே தெரியாது. தன்கிட்ட இருந்து இங்க வந்த மெயிலத்தான் அது இங்கயும் அழிக்கும்."

அந்த அம்மா கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைப் பார்த்து, "இவங்க மெயில் பெட்டிய வேற யாரால திறக்க முடியும்?" என்று கேட்டார். அவர் மேனேஜரைப் பார்த்தார்.

அக்கா டாங்கிளைப் பிடுங்கிக் கூட்டில் போட்டு மூடினார்.

"வா தம்பி, பிரேக் மாத்தணும்."