மாவிலைத் தண்ணீரும் ஒரு புதன்கிழமையும்

சஃபர் மாதம் பிறந்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்றைக்குப் பினாங்கு முஸ்லிம்களில் பாதிப் பேர் தஞ்சோங் பூங்கா கடற்கரையில்தான் இருப்பார்கள். படகுகளில் மலாய்க்காரர்கள் கொட்டடித்துப் பாடுவார்கள். பெண்கள் உடுத்த சரோங்கோடு கடலில் இறங்குவார்கள். பலாய் முசீபத்து, பீடை எல்லாம் உப்புத் தண்ணீரோடு போய்விடும் என்று நம்பினோம்.

ஆனால் நான் இறங்கியதே இல்லை. கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்ததிலிருந்து வருஷம் தவறாமல் அந்தக் கடற்கரைக்குப் போனேன். வருஷம் தவறாமல் காய்ந்த புடவையோடு திரும்பினேன். எல்லாம் ஒரு சட்டியால்தான்.

பள்ளிவாசல் லெப்பை மாவிலையில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்து எழுதித் தருவார். அதைச் சட்டித் தண்ணீரில் கரைத்து, கடலில் இறங்குமுன் ஆளுக்கு ஒரு வாய் குடித்து, தலையிலும் தெளித்துக்கொள்வோம். ஓதிய தண்ணீர் என்பதால் காலில் படக் கூடாது, மண்ணில் சிந்தக் கூடாது, தொழுகைக்குக் கழுவிய ஒளு இல்லாத கை தொடக் கூடாது. அதனால் யாராவது ஒருத்தி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே ஆகவேண்டும். அந்த ஒருத்தி வேறு யார், வீட்டு மருமகள்தான். எங்கள் வீட்டார் குடித்து முடித்தால் அக்கம்பக்கத்தார் வருவார்கள், அப்புறம் கடை ஆட்கள். சட்டி காலியாகிற நேரத்தில் வீடு திரும்ப லாரிக்காரர் ஹாரன் அடிப்பார்.

மச்சானுக்கு, என் வீட்டுக்காரருக்கு, சூலியாத் தெருவில் சோத்துக்கடை. கடைக்கு வேண்டிய மசாலா முழுவதையும் வீட்டில் நான்தான் அம்மியில் அரைப்பேன். அது போக மச்சானின் தாயாரான மாமிக்குக் கால் பிடித்துவிடுவது, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து இறங்குகிற விருந்தாளிகள். அந்த வருஷம் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கஞ்சி வடிக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வரும். பிள்ளைகள் "உம்மா" என்று கூப்பிட்டால் போதும், எரிந்து விழுவேன். கழுத்து பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துவிட ஒரு மலாய்க்கார அக்காவைக் கூப்பிட்டோம். அவள் என் தோளில் கை வைத்ததும் அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

"இது தோளா, கட்டையா? எல்லாருக்கும் நீ செய்ற. ஒனக்கு யாரு செய்றா? கடல்ல போய் ஊறு லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு பிடிவாதமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வருஷம் இறங்கியே தீருவேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆளுக்கொரு யோசனை சொல்லி என் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

புதன்கிழமை விடியுமுன்னே நெய்ச்சோறு ஆக்கி, இறைச்சி ஆணம் காய்ச்சி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினேன். சாலை வளைவில் கடல் தெரிந்ததும் உள்ளுக்குள் குதித்தேன். வெளியே தெரியாதபடி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாமி மரத்தடியில் பாயை விரித்தார். "இங்கனயே உக்காரு புள்ள. சட்டி பத்திரம்."

ஊற்றினேன், ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். வெயில் ஏறியது. கடலில் அத்தனை பேரும் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் விட்டால் இன்னும் ஒரு வருஷம் அதே அம்மி, அதே படபடப்பு. கோபத்தில் சட்டியை வெடுக்கென்று இழுத்ததில் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. பயந்தே போனேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். "பசிக்குது. சோறு எப்ப?"

"மச்சான், ஒளு இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அப்ப இதப் பிடிங்க."

பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது, கீழேயும் வைக்க முடியாது, சிந்தவும் முடியாது என்று. எதிரே நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

"நீ எங்க போற?"

"கடலுக்கு."

"சோறு?"

"பானையில இருக்கு."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். நான் ஓடி எத்தனை வருஷம் ஆகியிருந்தது! கணுக்காலில் தண்ணீர் பட்டதும் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. முழங்கால், இடுப்பு. அப்படியே தொப்பென்று உட்கார்ந்தேன். ஓர் அலை வந்து தலைக்கு மேல் போயிற்று. மூக்கெல்லாம் உப்பு, வாயெல்லாம் உப்பு. வெட்கத்தை விட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். இத்தனை நாள் இறுகிக் கிடந்த கழுத்து தானாகத் திரும்பியது.

திரும்பிப் பார்த்தால், மாமி பாயிலிருந்து எழுந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். மகன் கையில் சட்டியைக் கொடுத்துவிட்டு வந்த மருமகளை இத்தனை சனத்துக்கு முன்னால் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்ன திட்டினாலும் கரையேறுவதில்லை என்று மண்ணில் காலை ஊன்றிக்கொண்டேன்.

மாமி செருப்பைக் கழற்றிப் போட்டார். தண்ணீருக்குள் ஓர் அடி வைத்தார். சேலை முழங்கால் வரை நனைந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"கையக் குடு புள்ள," என்றார். "நீ மருமகளா வர்ற வரைக்கும் அந்தச் சட்டி எம் மடியிலதான் இருந்துச்சு. நீ வந்தப்புறம் எறங்கிருக்கலாம். எறங்கத் தெரியல."

கையைக் கொடுத்தேன். அந்தக் கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர் வரை மெதுவாகக் கூட்டிப்போனேன்.