கேட்டவருக்குச் சொல்லாத பாதி

வசந்தகுமாரி மேடம் தவறிவிட்டார் என்று அவர் கணவர் தணிகாசலம் போனில் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'ஐயையோ, எந்தத் துண்டு எந்தப் பிளாஸ்டிக் என்று இனி யாருக்குத் தெரியும்?' என்றுதான் தோன்றியது. போனைக் கையில் வைத்துக்கொண்டே, என் சேலையூர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத என்னால் முடியவில்லை.

நாங்கள் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியும். எண்ணெய் கேனும் டிபன் பாக்ஸ் மூடியும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை. ஒன்று பாலிஎத்திலீன், மற்றது பாலிப்ரொப்பிலீன். தண்ணீரில் போட்டால் இரண்டுமே மிதக்கும். மறுசுழற்சிக்கு உருக்கும்போது கலந்துபோனால், அதில் வார்க்கிற சாமான் சீக்கிரமே விரிசல் விடும். புற ஊதா ஒளியை மேலே அடித்தால் இரண்டும் பதிலுக்கு மங்கலாக ஒளிரும், அதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இயற்பியல் துறையில் இருந்த மேடம் அந்த ஒளியைப் பிரித்து அளப்பார். புள்ளியியல்காரனான நான் நூற்றுக்கணக்கான அளவுகளைச் சுருக்கி, துண்டுக்கு ஒரு புள்ளியாகத் திரையில் வைப்பேன். ஒரே ஜாதி பிளாஸ்டிக் ஒரு பக்கம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவையே கூடிவிட்டது. திரையில் புள்ளிகள் இரண்டு தீவாக நின்றன. கேம்ப் ரோட்டில் மைசூர்பாகு வாங்கிவந்து துறை முழுக்கக் கொடுத்தோம். மேடம் மட்டும் கையில் வாங்கியதை வாயில் போடவில்லை. "இவ்ளோ அழகா வந்தா பயமா இருக்கு சார்" என்றார். மறுநாள் தன் கைக்குட்டையைக் கருவியில் வைத்து அளந்தார். பாலிஎத்திலீன் துண்டுகளுக்கு வந்த அதே ஒளி வளைவு! அந்தத் துண்டுகளையும் அவர் வீட்டில் துணி துவைக்கிற சோப்புத்தூள் போட்டுத்தான் கழுவியிருந்தார். வெள்ளை பளிச்சென்று தெரிவதற்காக அதில் சேர்க்கிற சாயம் புற ஊதாவில் நன்றாக ஒளிரும். மற்ற வகைத் துண்டுகள் கணவரின் பைப் கடையிலிருந்து புதிதாக வந்தவை, கழுவாதவை. "நாம பிளாஸ்டிக்கைப் பிரிக்கல சார். எங்க வீட்டு சோப்புத்தூளைப் பிரிச்சிருக்கோம்" என்றார். அதை எல்லோர் முன்னாலும், மைசூர்பாகு தின்றவர்கள் முன்னாலும் சொன்னார்.

அதற்குப் பிறகு நாம் அவரைச் சும்மா விட்டோமா? இருமுகிறவரிடம்கூட, மேடத்தின் சோப்பு வாசனையா என்று கேட்டுச் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். ஆனால் அது உள்ளே போய்த் தைத்திருக்கிறது. அவர் கொண்டுவந்த புது விதியைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. இனி துண்டுகளை அவரே வெட்டி, வெறும் தண்ணீரில் கழுவி, எண் மட்டும் போட்டுத் தருவார், நான் அளப்பேன். மார்க்கர் மையும் ஒளிரும் என்பதால் எண்ணை ஊசியால் கீறுவார். எந்த எண் எந்த வகை என்று எனக்குத் தெரியக்கூடாது; அதனால் அவர் அதை எங்கும் எழுதிக்கூட வைக்கவில்லை. கணினி என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. கடைசித் துண்டு முடியும்வரை யாரும் யாருக்கும் வாய் திறக்கக்கூடாது. "நம்ம ஆசை நடுவுல பூந்துடும் சார்" என்பார்.

பாதி முடிந்திருந்தபோது அவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கிருந்து ஒரு மாலை போன் செய்தார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆய்வகத்தில் மின்விசிறி ஓடுகிறதா என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "வந்தவரைக்குமாவது சொல்லுங்க சார், எண்ணெல்லாம் எனக்கு மனசுல இருக்கு" என்றார்.

"நீங்க போட்ட ரூல் மேடம்" என்றேன் நான். என்னவோ பெரிய நேர்மையாளன் மாதிரி சிரிக்கவும் சிரித்தேன்.

"அதுவும் சரிதான். வந்து கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவர் வரவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மயானத்திலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவ வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தணிகாசலத்தின் அக்கா உள்ளே தேடிவிட்டு, "இந்த வூட்ல ஒரு மக்காவது முழுசா கீதா?" என்று அலுத்துக்கொண்டே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக்கை நீட்டினார். பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டியிருந்தது. ஓரத்தில் ஊசியால் கீறிய எண். நான் கால் கழுவவில்லை. மக்கைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் அச்சடித்திருக்கும் வகை எண்ணைத்தான் பார்த்தேன். வெட்டுப்பட்ட சாமான்கள் அத்தனையும் வீட்டில் இருக்கும், விடை தொலையவில்லை என்று சாவு வீட்டு வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். தணிகாசலம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்கைக் கீழே வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க சார். சரியா வந்துச்சான்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

காரியம் முடிந்த பிறகு டிரம் மூடி, ஊறுகாய் ஜாடி, கேன் எல்லாவற்றையும் கோணியில் கட்டி எடுத்துவந்தேன். மீதித் துண்டுகளை அளந்து முடித்துவிட்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு தணிகாசலத்தின் பைப் கடைக்குப் போனேன்.

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் மேடம் என்னை மன்னிக்க மாட்டார். பெரும்பாலும் சரி, கடைசியில் அளந்த சில துண்டுகளில் கணினி தவறிவிட்டது, அவை மொட்டை மாடியில் வெயிலில் கிடந்து பழுத்த சாமான்கள், அவற்றின் ஒளியே மாறிவிட்டிருக்கிறது என்று சொன்னேன். "அப்போ அந்த வெயில் சாமானை வெச்சிகினு மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிருப்பா" என்றார் தணிகாசலம். இப்போது அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். துண்டு வெட்டித் தரவும் எண்ணை மறைத்து வைக்கவும் வேறு ஆள் பிடித்திருக்கிறேன்.

அன்று கடையில், யாருக்கோ ஹோஸ் பைப் அளந்துகொண்டிருந்த தணிகாசலம் நிமிராமலே இன்னொன்றும் கேட்டார். மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பேசும்போது இவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம்.

"அவ கேட்டப்போ இன்னா சார் வந்திருந்துச்சு?"

"அதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பில்ல சார்" என்றேன்.

அவர் அளந்த பைப்பையே மறுபடியும் அளந்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், நன்றாக வந்ததைக் கண்டு பயப்படுகிற பழக்கம் ஒன்று. அது எனக்கு நல்லதுதான் செய்கிறது. இன்னொன்று, அந்த மாலை என் கையில் இருந்த பாதி. எல்லாம் சரியாக வந்திருந்த பாதி. அது இன்னும் என்னிடமே இருக்கிறது.