இளைய கல்

கல்லூரியில் நிலவியல் பேராசிரியரான அவருக்குப் பனிக்கட்டியார் என்று பெயர். எங்கே பேச்சை ஆரம்பித்தாலும், எழுபது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலும் கரையும் பனியால் மூடிக் கிடந்த காலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இறுகிப்போன சேற்றுப்பாறை ஒன்று உண்டு. அதற்குள் கிரானைட் கற்கள் புதைந்திருக்கும். அந்தப் பெரும்பனி வாரிவந்து கொட்டியவை அவை என்பது அவர் கட்சி. வேலையில் சேர்ந்ததிலிருந்து இதற்கே உழைத்தார்.

இல்லை, வெகுகாலம் கழித்து வந்த ஏதோ ஒரு சின்னப் பனியாற்றின் வேலை என்றார் அவருடைய மைத்துனர். அவரும் அதே துறைக்காரர். வாதம் முற்றி இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மைத்துனர் இறந்தபோது மனைவி மட்டும் போய்வந்தாள்.

ஓய்வுபெறுமுன் புத்தகத்தை முடிக்க வேண்டும். அதற்காக, சோதிக்காமல் கிடந்த கற்களுக்கும் வயது பார்த்துவிட நினைத்தார். கிரானைட்டை இடித்துச் சலித்தால் சிர்க்கான் என்ற நுண்மணிகள் கிடைக்கும். கல் பிறந்த காலம் அவற்றில் பதிந்திருக்கும். எல்லாக் கற்களும் நூறு கோடியைத் தாண்டின. இளஞ்சிவப்பாய் இருந்த ஒரு சிறுகல் மட்டும் ஐம்பத்து நான்கு கோடி என்றது.

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கலாம். கல் பிறக்குமுன் அதைப் புதைத்த சேறு வர வழியில்லை. அப்படியானால் அந்தப் பாறை பெரும்பனிக் காலத்தது அல்ல.

ஆய்வகப் பொறுப்பாளர் அவரிடமே படித்தவள். தயங்கிச் சொன்னாள்: "இடிக்கிற மெஷின்ல வேற தூள் ஒட்டியிருந்துச்சுன்னு எழுதிடலாமா சார்? ஒரே ஒரு கல்லுதானே."

"மெஷினைக் கழுவினது யாரு?"

அந்த மெஷினை அவர் யாரையும் தொட விட்டதில்லை. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார் என்று துறையில் சிரிப்பார்கள்.

"அதுக்கு முன்னாடி இடிச்சது எல்லாமே கிழட்டுக் கல்லும்மா. தூள் ஒட்டியிருந்தா வயசு கூடியிருக்கும், குறைஞ்சிருக்காது. வந்ததை அப்படியே எழுது."

வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். கல் விவகாரம் அவளுக்குத் தெரியாது. சண்டை வரிக்கு வரி தெரியும்.

"அப்போ எங்க அண்ணன் சொன்னதுதான் சரியா?"

"ஆமா."

ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவரு இருந்தப்பவே தெரிஞ்சிருக்கக் கூடாதாங்க?"

தெரிந்திருக்கலாம். அந்தக் கல்லை அவரே, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், உளிவைத்துப் பெயர்த்து எடுத்தார். சிறுகல், இதில் என்ன கிடைக்கப்போகிறது என்று ஒதுக்கிவைத்தார். மைத்துனர் கல்லூரியில் இவர் அறைக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்திலும் அது அலமாரியில்தான் இருந்தது.

அதையும் அவளிடம் சொன்னார். மறைத்துப் பழக்கமில்லை.

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அன்று அவரைச் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. அவரும் கதவைத் தட்டவில்லை.