தாருக்கு அடியில் இருந்த தகடு

கொண்டாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் போர்ட்டிகோவில், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் ஒரு பழைய அம்பாசடர் நின்றது. அதன் அடியில் பேனர் துணியை விரித்து மல்லாந்தபடி மூன்று மாதத்துச் சனி ஞாயிறுகளைக் கழித்தேன். மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. இந்த வண்டியும் என் கைக்கு அடங்கும் என்று நம்பினேன். அடங்கவும் செய்தது.

வண்டியை விற்றவர் ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர். தலைமுறைகளாகச் செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். "ஒரு அடி பட்டதில்லம்மா. அடியில முழுக்கத் தார் அடிச்சு வெச்சிருக்கேன், துரு அண்டாது" என்று பெருமையாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

அந்தத் தாரைத்தான் நான் சுரண்டக் கிளம்பினேன். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கொடுத்த மெக்கானிக் பாய், "நக்கோ மேடம், வேணாம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சுரண்டினால் ஓட்டை தெரியும், மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஓட்டை இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் மண் இறுகிச் செங்கல்லாகியிருந்தது. கியர்பாக்ஸைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் கலந்த பிசுக்கு. அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அதற்கப்புறம் தார், அடைத் தடிமனுக்கு. பட்டித் தகட்டால் ஓரத்தில் நெம்பினால் சில இடங்களில் பாளமாக வரும், சில இடங்களில் நகம் அளவுகூட வராது. தாருக்குக் கீழே சாம்பல் நிறப் பெயின்ட். அதற்கு ரிமூவர் தடவி, தோல் சுருங்கி எழும்பும் வரை காத்திருந்து, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கண்ணாடி, முகமூடி, தலைக்கு ஷவர் கேப். என் வீட்டுக்காரர் காபி டம்ளரை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, "உள்ள இருக்கியா?" என்பார். முதல் வாரம் தோள் தூக்க முடியாமல் வலித்தது. மூன்றாவது வாரம் இரும்பு வெளியே தெரிய ஆரம்பித்ததும் வலி மறந்துபோனது.

இடதுபக்கம் முன்னால் இருந்த அடிச்சட்டத்தில் மட்டும், ஒரு முழ நீளத்துக்குக் கம்பி பிரஷ் போடும் சத்தம் வேறாக இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் கவ்விப் பிடித்த காந்தம் அங்கே வழுக்கி விழுந்தது. இரும்பின் மேல் தடிமனாகப் பட்டி பூசி மூடியிருந்தார்கள். பெயர்த்து எடுத்தால், உள்ளே சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்த தடித்த இரும்புத் தகடு.

பாய் வந்து சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். ஒட்டுப் போட்டவன் லாரிச் சட்டம் செய்பவனாக இருக்க வேண்டும், இது அசையாது என்றார். ஆனால் பலமான அடிதான் பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டிஜிட்டல் கேமராவில் போட்டோ எடுத்துக்கொண்டு, நேராக ஏ.எஸ்.ராவ் நகர் போனேன். அவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். கேமராவை நீட்டி, "அடியே பட்டதில்லன்னு அங்கிள் சொன்னாரே ஆன்ட்டி?" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஹவ்மா, ஆமா. இது நான் பண்ணது" என்றார்.

கணவர் ஒரு மாதப் பயிற்சிக்கு பெங்களூர் போயிருந்தபோது நடந்ததாம். மழைநாளில் ஆன்ட்டி ஓட்டிப்போனபோது, பேகம்பேட்டில் தண்ணீர் மூடிய பள்ளம் தெரியாமல் முன்சக்கரத்தை இறக்கிவிட்டார். யாருக்கும் காயமில்லை. லாரி பாடி கட்டும் பட்டறைக்கு இழுத்துப்போய், கூடவே நின்று வேலை வாங்கியிருக்கிறார். "ஒட்டு தெரியக்கூடாதுன்னு மொத்தத்துக்கும் தார் அடிக்கச் சொன்னேன். அவர் வந்து பாத்துட்டு, நான் சொல்லிக்கிட்டிருந்தத செஞ்சிட்டியேன்னு சந்தோஷப்பட்டார். அப்புறம் அது அவர் ஐடியாவே ஆயிடுச்சு."

சிரித்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதுக்கப்புறம் ஓட்டுனீங்களா?"

"ஏன் ஓட்டமாட்டேன்? மறுநாளே எடுத்தேன்."

அப்போது அங்கிள் உள்ளே வந்தார். "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். தகட்டைப் பற்றிச் சொல்வது என் வேலை இல்லை. அந்த அம்மா கேமராவை அவர் கையில் கொடுத்து, "இந்தத் தகடு நான் வெச்சது" என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா சொல்லலியே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கிட்ட நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சேம்மா. வண்டிய வேணும்னா திரும்ப எடுத்துக்கறேன்" என்றார்.

"வேண்டாம் அங்கிள். இப்ப அந்த வண்டியோட அடி எனக்கு மனப்பாடம்" என்றேன்.

மறு ஞாயிறு இருவரும் கொண்டாப்பூர் வந்தார்கள். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். டார்ச் வெளிச்சத்தில் தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தபடியே ரொம்ப நேரம் கிடந்தார். வெளியே நின்ற மனைவியிடம் உள்ளேயிருந்தே, "எவ்வளவு நாள் ஆச்சு இத வெல்ட் பண்ண?" என்று கேட்டார். "ரெண்டு நாள்" என்று பதில் வந்தது. "நான் இருந்திருந்தா ஒரு வாரம் இழுத்திருப்பேன்" என்றார்.

தகட்டை அப்படியே விட்டேன். அடிப்பாகம் முழுவதும் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட், அதற்கு மேல் வெளிர் சாம்பல். கறுப்பு வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். எண்ணெய் கசிந்தாலும் துரு எட்டிப் பார்த்தாலும் சாம்பலில் உடனே தெரிந்துவிடும். பாய் இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை. சக்கரங்களை மாட்டி இறக்கியதும் அடுத்த தெருவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, தனக்கு வரும் இன்னொரு பழைய வண்டிக்கும் சுரண்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.