சனிக்கிழமை மாற்று வேலை

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஞாபகமும் இப்போது முன்னே பின்னே ஓடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவுக்குக் கடல்மேல் பாலம் கட்டுவதற்கு முன்னால், ஜார்ஜ் டவுனில் சட்டை தைக்கும் ஒரு பேக்டரியில் கேன்டீன் எடுத்து நடத்தினேன். நாங்கள் மூன்று பேர். கறியும் பருப்பும் நான். தேத்தண்ணி கலக்க என்னைவிட இளையவள் ஒருத்தி. மாவை வீசிக் கல்லில் சுடும் ரொட்டி சானாய் போட, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா தினமும் ஃபெரியில் வருவார். ஒருத்தி கரண்டியை இன்னொருத்தி தொடமாட்டாள். தொட்டால் கைப்பக்குவம் போய்விடும் என்று மூவருமே நம்பினோம்.

ஒருமுறை அக்காவுக்குக் காய்ச்சல். அன்று பசியாற வந்தவர்களுக்கு பிஸ்கட்தான் கொடுக்க முடிந்தது. பேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா கேன்டீன வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க லா, அக்கா. என்னால ஒன்னும் பேச முடியாது.”

பெரிய மனிதர்களிடம் பேச எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் விடாமல் யோசித்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை, கூட்டம் குறைவு. அன்றைக்கு மட்டும் மூவரும் வேலையை மாற்றிச் செய்வோம் என்று சொன்னேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “என்ன, என்னை நிப்பாட்டப் பாக்கிறியா?”

“இல்லக்கா. நீங்க வராத அன்னைக்குக் கேன்டீன் நிக்கக் கூடாதுல்ல.”

அந்தச் சனிக்கிழமை முனகிக்கொண்டேதான் ரொட்டிக்கல்லை விட்டு நகர்ந்தார். இளையவள் வீசிய முதல் ரொட்டி சுவரில் போய் ஒட்டியது. தையல் பிள்ளைகள் விடுவார்களா?

“இத திங்கிறதா, செருப்புக்கு அடி போடறதா, அக்கா?”

அக்காவே சிரித்துவிட்டார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து வீசக் காட்டினார். அப்படியே பல சனிக்கிழமைகள் போயின.

ஒரு நாள் விடியற்காலையில் பெருங்காற்று, மழை. ஃபெரி ஓடவில்லை என்று காவல்காரர் வந்து சொன்னார். அக்கா அக்கரையில். முதல் நாள் சாயங்காலம் அவர் உருட்டி எண்ணெயில் ஊறவைத்த மாவு தட்டில் இருந்தது. இளையவள் ஒன்றும் கேட்காமல் ரொட்டிக்கல் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பருப்பை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணியை இழுத்து ஆற்றினேன். மணி அடித்ததும் வந்த அத்தனை பேரும் பசியாறினார்கள். கிராணி இரண்டாவது ரொட்டி கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க அந்த அக்கா?”

“ஃபெரி ஓடலங்க,” என்றேன். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார். கேன்டீன் எங்களிடமே இருந்தது.

மத்தியானம் ஃபெரி ஓடியதும் அக்கா நனைந்துபோய் ஓடி வந்தார். மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். “ஓரம் கொஞ்சம் தடிப்பு,” என்றார். சற்றுக் கழித்து, “அப்ப மக வீட்டுக்கு ரெண்டு நாள் போய்ட்டு வரட்டா, தங்கச்சி?” என்று கேட்டார். அதுவரை அவர் லீவு கேட்டதே இல்லை.

“தாராளமா போய்ட்டு வாங்கக்கா,” என்றேன். அப்படிச் சொல்ல முடிந்ததே என்று அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

ஃபெரி நின்றது காற்றாலா, இயந்திரக் கோளாறாலா என்று இப்போது சந்தேகம் வருகிறது. அந்த நாளில் அக்கரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துத் தப்பிருந்தால் திருத்திக் கொடுங்கள்.