கை நனைக்காத வீடு

தரகர் விளம்பரத்தை எழுதி என் கைபேசிக்கு அனுப்பி, "பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார். 'வெள்ளாற்றங்கரையில், ஆற்றைப் பார்த்தபடி, பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்ட பாரம்பரிய வீடு. தேக்குத் தூண்கள், திறந்த முற்றம். உடனே குடியேறலாம்.' ஆற்றில் தண்ணீர் ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் சீமைக் கருவேலமும் மேய்கிற ஆடுகளும். அதை நான் திருத்தவில்லை. வாங்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கிறது. 'உடனே குடியேறலாம்' என்ற வரியில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. குடியேறிப் பார்த்தவள் நான். இரண்டு வாரம்கூட முழுசாக இருக்க முடியவில்லை.

வருகிறவர்கள் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். சுவரில் கன்னத்தை வைத்து "என்ன குளுமை" என்கிறார்கள். முற்றத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு அழகா பண்ணிட்டு ஏங்க விக்கிறீங்க?" வயதான அப்பாவை வைத்துக்கொண்டு பெரிய வீட்டைப் பராமரிக்க முடியவில்லை என்று சொல்லி அனுப்புகிறேன். அது பொய்யில்லை, காரணமும் இல்லை.

இது எங்கள் பரம்பரை வீடு அல்ல. சமஸ்தான காலத்தில் யாரோ ஒரு பெரிய உத்தியோகஸ்தர் கட்டியது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வாங்கினார். அப்போதே பின்கட்டு விழுந்துவிட்டது, தூண்களில் கரையான். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு அதைவிட நல்ல வீடு கட்டுப்படியாகாது. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த வருடம் அப்பா வீட்டில் கை வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் இடிந்த வீடு என்று முகம் சுளித்துவிடக் கூடாதாம். கூடம் முழுக்க மொசைக் போட்டார். தூண்களுக்குப் பச்சை எனாமல் அடித்தார். முற்றத்துக்கு மேல் கம்பி வலை போட்டு ஷீட்டால் மூடினார். கூடத்தின் ஒரு மூலையைச் சுவர் வைத்துத் தடுத்து ஓர் அறையும் எடுத்தார். அந்தக் காலத்தில் அதுதான் மாடர்ன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பெண் பார்க்க வந்தவர்களும் மொசைக்கில் உட்கார்ந்து, "தரை நல்லா வழுவழுன்னு இருக்கு" என்று தரையைப் பாராட்டிவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று கிளம்புவார்கள். லெட்டர் வந்தால் அப்பாதான் பிரிப்பார். "ஜாதகம் சேரலையாம் ஆத்தா" என்பார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தடுத்து எடுத்த அந்த அறையில் பதினாறு வருடம் கிடந்தாள். நான் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் அம்மாவைத் துடைத்து உட்கார வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன், வந்ததும் மறுபடி. அம்மா போனபோது எனக்கு நாற்பத்துமூன்று. அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சிடுமூஞ்சி மேடம் என்று பெயர். வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அப்பாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. எண்பத்தாறு வயது. திருச்சியில் பார்த்த டாக்டர், "பழகின இடத்துலயே வச்சுக்கங்க, அதுதான் அவருக்குப் பிடிமானம்" என்றார். எங்கள் வீடோ மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரி பண்ணி அப்பாவைக் கடைசிவரை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் என்ஜினியரைக் கூப்பிட்டேன். அந்தப் பையன் தூணில் இருந்த பச்சை பெயிண்டைச் சாவியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுக்குள்ள ஒரு அருமையான வீடு ஒளிஞ்சிருக்கு" என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒன்றையாவது அழகாகச் செய்து பார்ப்போமே என்று நினைத்தேன்.

திருக்கோகர்ணத்தில் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்து, ஒன்றரை வருடம் வேலை நடந்தது. மொசைக்கைப் பெயர்த்தார்கள். பச்சையைச் சுரண்டினார்கள். ஷீட்டைக் கழற்றி முற்றத்துக்கு வானத்தைக் காட்டினார்கள். அம்மா கிடந்த அறையின் சுவரை இடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன், வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அப்பா தினம் கேட்பார்: "வீட்டுக்கு எப்ப ஆத்தா போறோம்?" "இந்தா முடிஞ்சிரும்ப்பா" என்பேன். பழகின இடம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பா பழகின ஒவ்வொன்றையும் கூலி கொடுத்துப் பெயர்த்து லாரியில் ஏற்றியது நான்தான். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பால் காய்ச்சிய அன்று அப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணாந்து தூணைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பெரிய எடமால்ல இருக்கு. யாரு வீடுங்க இது?" என்றார். 'ங்க' போட்டு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். இலை போட்டால் கையெடுத்துக் கும்பிட்டு, "இருக்கட்டுங்க" என்பார். காபி கொடுத்தால் குடிப்பார், தண்ணீர் குடிப்பார். சோற்றைத் தொடமாட்டார். இட்லியையும் தொடவில்லை. அவர் சர்க்கரை நோயாளி. மறுநாள் மத்தியானம் விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தட்டில் எடுத்துப் போனேன். மறுபடி "இருக்கட்டுங்க" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் இப்படி என் உசுரை வாங்குறீங்க? பட்டினி கெடந்து சாகப் போறீங்களா?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குல்லங்க. எம்பொண்ணு விசயமாப் பேச வந்திருக்கோம். பேச்சு முடியாம மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடிவாகாமல் சாப்பிட மாட்டார்கள். காபித்தண்ணியோடு சரி. அப்பா எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார். வசதியான வீடு, இரண்டு நாளாக விழுந்து விழுந்து உபசரிக்கிற வீட்டுக்காரம்மாவாக நான். வேறு என்னதான் நினைப்பார்?

தட்டோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாப்பிட்டுவிடுவார் என்று தெரிந்தது. ஆனால் ஒன்றும் கேட்காமல் சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியது. "பொண்ணு என்ன பண்ணுது?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில லேப்புல வேலைங்க. கவர்மெண்டு. கோவக்காரிதான், முன்னாடியே சொல்லிடுறேன், பின்னால கொறை சொல்லக் கூடாது. ஆனா பால் பொங்குற மாதிரி, ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சா அடங்கிரும்."

"என்ன வயசு?"

"இருவத்தேழு."

"ஏன் இன்னும் அமையலை?" இதை நான் கேட்டிருக்கக் கூடாது. பேச்சு வாக்கில் வந்துவிட்டது.

அப்பா துண்டை மடித்தார், பிரித்தார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது. பொண்ணு மேல எந்தக் கொறையும் இல்லைங்க. அறந்தாங்கிப் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. பையன் வாத்தியாரு. பிடிச்சிருக்குன்னு ரெண்டு லெட்டர் போட்டாங்க. நான்தான் பதில் எழுதலை. அவ அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. இவளும் போயிட்டா தூக்கி உக்கார வைக்க ஆளில்லை. ஒரு வருசம் போகட்டும்னு நெனைச்சேன். ஜாதகம் சேரலைன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

அந்த வாத்தியாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்க்க வந்தவர்களில் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள். "ஒரு சொட்டு ரத்தத்துல என்னென்ன கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். நானும் சந்தோஷத்தில் சர்க்கரை, உப்பு, ஹீமோகுளோபின் என்று கால் மணி நேரம் ஒப்பித்தேன். வாய் நீளம் என்று நினைத்துத்தான் வேண்டாம் என்றுவிட்டார் என்று முப்பது வருடத்துக்கு மேல் என் வாயைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு யாரிடமும் தேவைக்கு மேல் பேசியதில்லை.

தட்டைச் சுவரில் வீசி அடிக்க வேண்டும் போல இருந்தது. இவரை இப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், பசியே பேசட்டும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப் போகிறது? அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் விழுங்கினார். "பிடிக்கலைன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றார்.

"பிடிச்சிருக்குங்க" என்றேன். "உங்க பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சாப்பிடுங்க."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டில் வம்பில்லை. ஆனால் என்னை "சம்பந்தி" என்றுதான் கூப்பிட்டார். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றுவிடுவார். "சம்பந்தி வீட்டுல இத்தனை நாளு தங்குறது மரியாதை இல்லைங்க. எம்பொண்ணு வேலை முடிஞ்சு வந்துருப்பா. அவகிட்டப் போயிச் சொல்லணும்" என்பார். ஒரு நாள் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றார். உள்ளே கூப்பிட்டால் அழுகிற மாதிரி ஆகிவிடுகிறது முகம். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திருக்கோகர்ணம் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னும் யாருக்கும் விடலை, வாங்க" என்றார்.

போர்ஷனுக்குள் நுழைந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் காலை நீட்டினார். நான் பையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, "ஆத்தா, வந்துட்டியா? இங்கிட்டு வா" என்றார். பன்னிரண்டு நாளுக்கப்புறம் அந்த ஆத்தா.

"ஒனக்கு எடம் முடிஞ்சிருச்சு ஆத்தா. ஆத்தங்கரை ஓரம், அரமனை மாதிரி வீடு. அந்தம்மா முன்கோபிதான், ஆனா தங்கமான மனுசி. நேரா நேரத்துக்குச் சோறு போட்டாங்க."

காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடுகிற மனுஷர். இது மட்டும் எப்படி மனதில் நின்றதோ தெரியாது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "அந்த வாத்தியார் வீட்டு லெட்டரை ஏன்ப்பா மறைச்சீங்க?" என்றேன்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அந்தம்மாகிட்ட மட்டுந்தானே சொன்னேன். சொல்லிட்டாங்களா?" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா செத்தபோதுகூட அழாதவர், தோள் குலுங்க அழுதார். "அதுக்குத்தான் ஆத்தா, நல்ல எடமாப் பாத்து முடிச்சிருக்கேன்" என்றார். 'விடுங்கப்பா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று வரை வரவில்லை. துண்டை வாங்கி நனைத்துப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

மறு வாரமே வீட்டை விற்பதென்று தரகரிடம் சொன்னேன். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் நான் போய்த்தான் திறக்க வேண்டும். கிளம்பும்போது அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்பார்.

"எங்க ஆத்தா கெளம்பிட்ட?"

"அந்த வீட்டுக்குத்தான்ப்பா."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "வெறுந்தலையோட போகாத. பூ வச்சுக்கிட்டுப் போ" என்பார்.

எனக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது. தலையில் கறுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு போய், வீடு பார்க்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறேன்.